எதிரணி மைதானத்தில் கத்துக்குட்டி ஜெயித்தால் ரசிகர் ஏன் அப்படிக் குதிக்கிறார்?

2015 ஜனவரி 24. லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில், இங்கிலாந்தின் எல்லா நிலை கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் நான்காம் சுற்று ஆட்டம். ஒரு பக்கம் ஜோஸே மொரீன்யோ பயிற்சியளித்த செல்சி, அன்றைக்கு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் பட்டியலில் முதலிடம். எதிரே மூன்றாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பிராட்ஃபோர்ட் சிட்டி. 38ஆவது நிமிடத்தில் செல்சி 2-0 என முன்னிலை. அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுப் போனவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இடைவேளைக்கு முன்பு ஜான் ஸ்டெட் ஒன்றைத் திருப்பினார். 75ஆவது நிமிடத்தில் ஃபிலிப் மொராய்ஸ் சமன் செய்தார். செல்சியில் வளர்ந்து, அங்கே இடம் கிடைக்காமல் வெளியேறியவர் அவர். 82இல் ஆண்டி ஹாலிடே, காயநேரத்தில் (வீணான நேரத்துக்கு ஈடாக நடுவர் கடைசியில் கூட்டித் தரும் நிமிடங்களில்) மார்க் யேட்ஸ். முடிவு 4-2. வடக்கிலிருந்து கிளம்பி வந்திருந்த சுமார் 6,000 பிராட்ஃபோர்ட் ரசிகர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

பார்ப்பவருக்கு அது வெறும் கூத்தாகத் தெரியலாம். ஒரு கோப்பையும் கையில் வரவில்லை, ஒரு சுற்று தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சொந்த ஊரில் ஜெயித்தால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற அதே ஆள், எதிரணியின் மைதானத்தில் ஜெயித்தால் மட்டும் அறிமுகமே இல்லாதவரைக் கட்டிப்பிடித்து அழுகிறார். என் பார்வையில் அது கணக்கு தெரிந்தவரின் அழுகை. தன் அணிக்கு எதிராக என்னவெல்லாம் நின்றன என்பதை வெளியூருக்குப் போகிற ரசிகர் நன்றாக அறிவார். அதனால் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கால்பந்தில் சொந்த மைதானத்துக்கு எப்போதும் ஒரு சாதகம் உண்டு. இங்கிலாந்தில் 1888இல் லீக் தொடங்கிய காலத்தில் பத்து ஆட்டங்களில் ஆறுக்கும் மேல் சொந்த அணியே, அதாவது தன் மைதானத்தில் ஆடும் அணியே, ஜெயித்தது. காலப்போக்கில் இது குறைந்து, பிரீமியர் லீக் காலத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. வெளியூர் அணி ஜெயிப்பது பத்தில் மூன்றுக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், மீதி சமன். இது எல்லா அணிகளையும் சேர்த்துப் போட்ட சராசரி. பட்டியலின் அடியில் இருக்கும் அணி உச்சியில் இருக்கும் அணியின் மைதானத்துக்குப் போகும்போது நிலைமை இன்னும் மோசம்.

இந்தச் சாதகம் எங்கிருந்து வருகிறது? பயணக் களைப்பு, பழக்கமில்லாத புல்தரை, வேறு காலநிலை என்று வழக்கமாகச் சொல்வார்கள். சில இடங்களில் அது நிஜமும்கூட. பொலிவியா நெடுங்காலம் தன் ஆட்டங்களை ஆடிய லா பாஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினாவை அங்கே பொலிவியா 6-1 எனச் சுருட்டியது. ஆனால் ஒரே நாட்டுக்குள், சொகுசுப் பேருந்திலோ விமானத்திலோ சில மணி நேரத்தில் போய்விடுகிற தூரத்துக்கு இந்த விளக்கம் போதாது.

ஆய்வாளர்கள் அதிகம் தோண்டியது நடுவரைத்தான். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரு பிரீமியர் லீக் ஆட்டத்தின் மோதல் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. காட்சி ஒன்றுதான், காதில் விழுந்தது மட்டும் வேறு. இன்னோர் ஆய்வு ஸ்பெயின் லீக்கில் நடுவர்கள் கொடுத்த காயநேரத்தை அளந்தது. சொந்த அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கிடைக்கும் கூடுதல் நேரம், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கிடைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. காசு வாங்கிக்கொண்டு செய்வதல்ல இது. ஐம்பதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தும்போது மனிதன் தன்னையறியாமல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்கிறான். ‘நடுவர் அவர்கள் ஆள்’ என்று வெளியூர் ரசிகர் புலம்புவது முழுக்க வயிற்றெரிச்சல் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. வீடியோ நடுவர் முறை வந்த பிறகு பெரிய தவறுகள் குறைந்திருக்கலாம். நடுக்களத்து உரசல்களுக்கு இன்றும் நடுவரின் காதுதான் பாதித் தீர்ப்பு.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க யாரும் விரும்பாத ஒரு வாய்ப்பு கொரோனா காலத்தில் கிடைத்தது. 2020 மே 16 அன்று ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புன்டஸ்லீகா காலி மைதானங்களில் மறுபடி தொடங்கியபோது சொந்த அணிகளின் வெற்றி சட்டெனச் சரிந்தது. ஏறக்குறைய முழுக்கக் காலி மைதானங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீக் பருவத்தில், மொத்தம் 380 ஆட்டங்களில் சொந்த அணிகள் 144, வெளியூர் அணிகள் 153 வென்றன. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வெளியூர் வெற்றிகள் முந்தியது அதுவே முதல் முறை. ரசிகர்கள் திரும்பி வந்ததும் பழைய ஒழுங்கும் திரும்பி வந்தது. ஆக, கேலரியில் உட்கார்ந்து கத்துவதால் ஒன்றும் ஆகாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, இவ்வளவு எதிராக இருந்தும் சின்ன அணிகள் ஜெயிக்கத்தானே செய்கின்றன? அதற்கு முதல் காரணம் விளையாட்டின் அமைப்பு. ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று கோல்கூட விழுவதில்லை. கூடைப்பந்தில் நூறு முறை புள்ளி எடுக்கும் வாய்ப்பு வருவதால் திறமை கூடியவர் கடைசியில் மேலே வந்துவிடுவார். கால்பந்தில் ஒரு கார்னர், ஒரு தடுமாற்றம், ஒரு தலைமுட்டு போதும். தொண்ணூறு நிமிடமும் சிறப்பாக ஆடியவர் ஒன்றும் இல்லாமல் வெளியேறலாம். இதை அநியாயம் என்பவர்கள் உண்டு. இந்த அநியாயம் இல்லாவிட்டால் கால்பந்தை இத்தனை பேர் பார்க்கமாட்டார்கள் என்பேன்.

ஷெரீஃப் டிராஸ்போல் என்ற அணியை 2021க்கு முன்பு பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்பதாக அறிவித்துக்கொண்ட, உலகம் அங்கீகரிக்காத டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் அணி. அதுதான் அவர்கள் ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுக்கு வந்த முதல் ஆண்டு. செப்டம்பர் 28 அன்று ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் 2-1 என ஜெயித்தார்கள். பந்து பெரும்பாலும் மாட்ரிட் வசமே இருந்தது, கோலை நோக்கிய உதைகளும் ஷெரீஃபை விடப் பல மடங்கு. கிரேக்க கோல்கீப்பர் அதனசியாடிஸ் ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், லக்சம்பர்க் வீரர் செபாஸ்டியன் தில் பெட்டிக்கு வெளியேயிருந்து அடித்த பந்து வலையின் மேல்மூலையில் போய் விழுந்தது.

இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிர்ஷ்டத்துக்கு இடம் விட்டு ஆடுவது ஒரு திட்டம். வெளியூரில் ஆடும் சின்ன அணிக்குப் பந்து தேவையில்லை, இடம்தான் தேவை. பெரிய அணி சொந்த ரசிகர்கள் முன்னால் பொறுமையாக ஆட முடியாது. டிஃபென்ஸ் வீரர்கள் வரை எல்லாரும் மேலே ஏறி வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் ஐம்பது கஜம் வெற்றிடம். அங்கேதான் கவுன்ட்டர் அட்டாக் பிறக்கிறது. 2015-16இல் லெஸ்டர் சிட்டி செய்தது இதைத்தான். பருவம் தொடங்கியபோது அவர்கள் சாம்பியன் ஆவதற்குப் பந்தய நிறுவனங்கள் 5,000க்கு 1 என விலை வைத்திருந்தன. அந்தப் பருவத்தில் லெஸ்டர் சொந்த மைதானத்தில் 12 வெற்றி, வெளியே 11 வெற்றி. ஜேமி வார்டியின் ஓட்டத்துக்கு எதிரணி மைதானங்கள் இன்னும் தோதாகவே இருந்தன. 2016 பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் சிட்டியை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று வென்றபோதுதான் ‘இவர்கள் நிஜமாகவே கோப்பையைத் தூக்கிவிடுவார்களோ’ என்ற பேச்சு உறுதியானது. அன்றைக்கு ராபர்ட் ஹூத்தின் இரண்டு கோல்களில் ஒன்று ஃப்ரீகிக்கிலிருந்தும் மற்றொன்று கார்னரிலிருந்தும் வந்தது.

நின்ற பந்தின் மகிமை தனியாகச் சொல்ல வேண்டியது. கார்னரிலும் ஃப்ரீகிக்கிலும் பந்து அசையாமல் நிற்கிறது. அந்த ஒரு கணம் மட்டும் கோடிகள் கொடுத்து வாங்கிய வீரனும் சாதாரண வீரனும் சமம். உயரமும் ஒத்திகையும்தான் பேசும். 2004 யூரோ கோப்பையில் கிரீஸ் காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என வென்றது. மூன்று கோல்களும் தலையால் முட்டியவை, அவற்றில் கடைசி இரண்டு கார்னரிலிருந்து வந்தவை. போட்டியை நடத்திய போர்ச்சுகலை அந்தப் போட்டியில் இரண்டு முறை, அதன் மண்ணிலேயே தோற்கடித்தார்கள்: போர்ட்டோவில் தொடக்க ஆட்டத்தில் 2-1, லிஸ்பனில் இறுதி ஆட்டத்தில் 1-0. அதற்கு முன் பெரிய போட்டிகளின் இறுதிச் சுற்றில் ஒரே ஓர் ஆட்டத்தில்கூட கிரீஸ் ஜெயித்ததில்லை.

சொந்த மைதானத்தின் சத்தம் இரு முனைக் கத்தி. முதல் அரை மணியில் கோல் விழுந்தால் அது அலையாகப் பின்னால் வந்து தள்ளும். விழாமல் அறுபது, எழுபது நிமிடம் ஓடிவிட்டால் அதே கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கும். தவறான ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு பெருமூச்சு. வீரர்களின் காலில் அந்தப் பாரம் ஏறும், பந்தைக் கேட்கவே பயப்படுவார்கள். வெளியூர் அணியின் அனுபவசாலிகளுக்கு இது தெரியும், அதற்காகவே காத்திருப்பார்கள். கோல்கிக்கை மெதுவாக எடுப்பது, த்ரோவுக்குப் பந்தைத் துடைத்துக்கொண்டே நிற்பது எல்லாம் நேரத்தைக் கொல்ல மட்டுமில்லை, கூட்டத்தைச் சொந்த அணிக்கு எதிராகத் திருப்பவும்தான்.

இந்த வித்தையின் மூத்த குரு உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில், டிக்கெட் வாங்கியவர்களே 1,73,850 பேர். உலகக் கோப்பையை வெல்லப் பிரேசிலுக்கு அந்தக் கடைசி ஆட்டத்தில் சமன் போதும். இடைவேளை முடிந்த இரண்டாம் நிமிடமே ஃப்ரியாசா கோல் போட்டார். மைதானம் வெடித்தது. வரேலா அவசரப்படவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவரிடம் போய் வாதாடினார். அந்தக் கோலைத் திரும்பப் பெற முடியாது என்று அவருக்கே தெரியும். கூட்டத்தின் சூட்டைத் தணிப்பதுதான் நோக்கம். பிறகு ஸ்கியாஃபினோ சமன் செய்தார், 79ஆவது நிமிடத்தில் கிக்யா வெற்றி கோலை அடித்தார். மரக்கானாவை வாயடைக்க வைத்தவர்கள் மூன்றே பேர், போப்பாண்டவர், ஃபிராங்க் சினாட்ரா, அப்புறம் நான் என்று கிக்யா பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தது பிரபலம். 1930இலேயே உலகக் கோப்பை வென்ற உருகுவேயைக் கத்துக்குட்டி என்று சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அன்று காலை பிரேசிலில் யாரும் அவர்களை வேறு மாதிரி நினைக்கவில்லை.

இப்போது கேலரிக்கு வருவோம். பிரீமியர் லீக் விதிப்படி வெளியூர் அணிக்கு 3,000 டிக்கெட் அல்லது மைதானக் கொள்ளளவில் பத்து சதவீதம், இதில் எது குறைவோ அது. 2016-17 பருவத்திலிருந்து அந்த டிக்கெட்டின் விலைக்கு 30 பவுண்ட் உச்சவரம்பு வைத்தார்கள். எஃப்.ஏ. கோப்பையில் 15 சதவீதம் வரை கேட்கலாம். செல்சியில் 6,000 பிராட்ஃபோர்ட் ரசிகர்கள் இருந்ததும், 2010 ஜனவரியில் மூன்றாம் நிலை லீட்ஸ் யுனைட்டெட் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைட்டெடை 1-0 என வென்றபோது சுமார் 9,000 பேர் கூடவே போயிருந்ததும் இந்த விதியால்தான். எண்ணிக்கையை விட முக்கியம், யார் போகிறார்கள் என்பது. சொந்த மைதானத்தில் குடும்பத்தோடு வருபவர், சும்மா பார்க்க வந்தவர், நிறுவன டிக்கெட்டில் வந்தவர் எல்லாரும் கலந்திருப்பார்கள். தோற்கப்போகிற ஆட்டத்துக்கு விடியற்காலையில் எழுந்து இருநூறு மைல் போகிறவர் வடிகட்டிய ரசிகர். மூவாயிரம் பேரும் அப்படிப்பட்டவர்கள் என்றால் அவர்கள் முப்பதாயிரம் பேரின் சத்தம் போடுவதில் வியப்பில்லை.

அவர்கள் மனக்கணக்கும் வேறு. பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களின் மனநிலையை மொபைல் செயலி மூலம் பதிவு செய்த தகவல்களை இரண்டு பொருளாதார அறிஞர்கள் கால்பந்து முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். தோல்வி தரும் துயரம், வெற்றி தரும் மகிழ்ச்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2018இல் சொன்னார்கள். அப்படியானால் கால்பந்து ரசிகராக இருப்பதே நஷ்டக் கணக்கு! ஆனால் இதில் எதிர்பார்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தோற்போம் என்று தெரிந்தே போன கத்துக்குட்டி ரசிகர் அந்தத் துயரத்தை முன்பணமாகக் கட்டிவிட்டார். தோற்றால் பெரிதாக இழக்க ஒன்றுமில்லை. ஜெயித்தால் வந்ததெல்லாம் லாபம். மூளையும் இதற்கு ஒத்துழைக்கிறது. எதிர்பார்த்த பரிசுக்கு டோபமைன் நரம்புகள் பெரிதாக அசைவதில்லை, எதிர்பாராத பரிசுக்குத்தான் பொங்குகின்றன என்று நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய அணி ரசிகருக்கு எல்லாமே தலைகீழ். ஜெயித்தால் கடமை முடிந்தது, தோற்றால் திங்கட்கிழமை அலுவலகத்துக்கு முகம் காட்ட முடியாது. இந்தப் பக்கத்து ரசிகர் அதையும் சேர்த்தே கொண்டாடுகிறார். கொஞ்சம் குரூரம்தான், ஆனால் உண்மை.

1976இல் உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவனித்தது அந்த நாட்டுக் கால்பந்து என்றாலும் விஷயம் எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும். அணி ஜெயித்த வாரம் மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையை அதிகம் அணிந்தார்கள்; ‘ஜெயிச்சிட்டோம்’ என்றார்கள். தோற்றால் ‘தோத்துட்டாங்க’ என்றார்கள். வெளியூர் கேலரியில் நிற்கும் ரசிகர் இந்த வகையில் சேரமாட்டார். தோற்ற அன்றும் சட்டையைக் கழற்றாமல் அதே சாலையில் திரும்புபவர் அவர். ஆகவே ஜெயித்த அன்று ‘நாம்’ என்று சொல்ல அவருக்கு மற்றவரை விட உரிமை அதிகம் என்று நினைக்கிறேன்.

டிக்கெட் கிடைக்காமல் எதிரணி ரசிகர்கள் நடுவே உட்கார்ந்து பார்ப்பவரின் பாடு தனி. கோல் விழும்போது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் சோகத்தை வரவழைக்க வேண்டும். எழுந்துவிட்டால் பாதுகாவலர்கள் வெளியே அனுப்புவார்கள், சில ஊர்களில் அடியும் விழும். ஆனால் கூட்டமாகப் போனால் கதை மாறும். 2022 ஏப்ரல் 14 அன்று பார்சிலோனாவின் காம்ப் நூவில் ஜெர்மன் அணியான ஐன்ட்ராக்ட் ஃபிராங்ஃபர்ட்டுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்தவை சுமார் 5,000 டிக்கெட். உள்ளே வெள்ளைச் சட்டையில் நின்றவர்கள் சுமார் 30,000 பேர், கிடைத்த வழியிலெல்லாம் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். ஃபிராங்ஃபர்ட் 3-0 எனப் போய், காயநேரத்தில் இரண்டு கோல் வாங்கி, 3-2 என வென்றது. தன் மைதானத்திலேயே பார்சிலோனா வெளியூர் அணியானது. நடந்ததற்கு வெட்கப்படுகிறேன் என்றார் கிளப் தலைவர் லபோர்டா. சொந்த மைதானச் சாதகம் சுவரிலும் புல்லிலும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. ஃபிராங்ஃபர்ட் அந்த ஆண்டு ஐரோப்பாவின் இரண்டாம் நிலை கிளப் கோப்பையான யூரோப்பா லீக்கையும் தூக்கிச் சென்றது.

எல்லா நாட்டிலும் இதற்கு இடமில்லை. அர்ஜென்டினாவில் 2013இல் லானுஸ் கிளப்பின் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் வருவதையே தடை செய்தார்கள். தடை பல ஆண்டுகள் நீடித்தது. வன்முறையைப் பார்த்தால் அந்த முடிவு புரிகிறது. ஆனால் ஜெயித்த அணி ஓடிப்போய்க் கொண்டாட எதிரே ஆளில்லை என்றால் அந்த வெற்றியில் பாதியைக் காணோம்.

விதிகளும் வெளியூர் அணிக்கு முன்பு போலக் கைகொடுப்பதில்லை. இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்கு மதிப்புக் கூட்டும் முறையை ஐரோப்பாவில் 1965இல் கொண்டுவந்தார்கள், வெளியூர் அணிகள் பயந்து ஒடுங்காமல் ஆடட்டும் என்று. 2021இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ அதை நீக்கியது. சொந்த மைதானச் சாதகம் முன்பு போல இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எஃப்.ஏ. கோப்பையில் பெரிய அணியின் மைதானத்தில் எப்படியோ சமன் செய்துவிட்டால், மறு ஆட்டம் தன் ஊரில் நடக்கும் என்பது சின்ன கிளப்புகளுக்குப் பெரிய வரமாக இருந்தது. அந்த நுழைவுக் கட்டணத்தில் ஓர் ஆண்டுச் செலவையே சமாளித்த கிளப்புகள் உண்டு. 2024-25இலிருந்து முதல் சுற்று முதலே மறு ஆட்டங்கள் கிடையாது. ஐந்தாம் நிலை லிங்கன் சிட்டி 2017 பிப்ரவரியில் பிரீமியர் லீக் அணியான பர்ன்லியை அதன் மைதானத்தில் 89ஆவது நிமிடக் கோலால் வென்று, லீக்குக்கு வெளியிலிருந்து 103 ஆண்டுகளில் காலிறுதிக்குப் போன முதல் அணி ஆனது. அதற்கு முந்தைய மாதம் மூன்றாம் சுற்றில் இப்ஸ்விச் மைதானத்தில் சமன் செய்து, மறு ஆட்டத்தில் சொந்த ஊரில் ஜெயித்துத்தான் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இன்றைய விதியில் இப்ஸ்விச்சிலேயே, அன்றைக்கே, பெனால்ட்டி வரை போயாவது முடித்திருக்க வேண்டும்.